அஞ்சத் தெரிந்தவர்கள்

2012ஆம் ஆண்டின் நடுவில் ஒரு செய்தி வந்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்துப் போராடும் மக்களுக்கு மனநல ஆலோசனை வழங்க, பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் மனநல மருத்துவர்களை மத்திய அரசு ஈடுபடுத்துகிறது என்றது அந்தச் செய்தி. அணு உலையின் அவசியத்தை மக்களுக்குப் புரியவைப்பது ஆலோசனையின் நோக்கமாம். அன்றைய பரபரப்பில் பலருக்கு இது மறந்து போயிருக்கும். தடியடியையும் கண்ணீர்ப்புகையையும் நினைவு வைத்திருப்பவர்கள்கூட இதை மறந்துவிட்டார்கள். எனக்கோ அந்தப் போராட்டத்தில் நடந்த எல்லாவற்றிலும் இதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. தடியடியில் எதிரே நிற்பவரை எதிராளி என்றாவது ஏற்றுக்கொள்கிறார்கள். இதில் அதுவும் இல்லை.

ஆலோசனை தேவைப்பட்ட அந்த மக்கள் யார்? இடிந்தகரை, திருநெல்வேலி மாவட்டக் கடலோரத்தில் உள்ள கத்தோலிக்க மீனவக் கிராமம். 1988இல் ராஜீவ் காந்தியும் கொர்பச்சேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பிறந்த உலைகள் அதன் கண்ணெதிரே எழுந்தன. 2004 டிசம்பரில் கடல் என்ன செய்யும் என்பதை அந்த ஊர் நேரில் பார்த்தது. கடலும் உலையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவைக் காட்டிய தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று லூர்து மாதா ஆலயத்தின் முன் 127 பேர் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார்கள். பின்னர் அது தொடர் உண்ணாவிரதமாக மாறி நீண்டது. ஆண்கள் கடலுக்குப் போக வேண்டியிருந்தது. பந்தலில் நாள்தோறும் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே உண்ணாவிரதம் இருந்தார்கள். பீடிக் கணக்கு குறைந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. கோயில் மணி அடித்தால் ஊர் கூடும். செபமாலை முடிந்ததும் கூட்டம் தொடங்கும். வெளியுலகம் சுப. உதயகுமார் என்ற பெயரை அறிந்துகொண்டது. இந்தப் பெண்களின் பெயர்களை அதிகம் எழுதியவை முதல் தகவல் அறிக்கைகள்தாம்.

ஒருவருடைய பயத்துக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். அதை ஒரு கூற்றாக எடுத்துக்கொண்டு, சரியா தவறா என்று காரணத்தோடு பேசலாம். அல்லது அதை ஓர் அறிகுறியாக எடுத்துக்கொண்டு தணிக்கப் பார்க்கலாம். காய்ச்சலோடு யாரும் வாதிடுவதில்லை, மாத்திரைதான் கொடுக்கிறோம். விபத்து நடந்தால் எங்களை எந்த வழியாக வெளியேற்றுவீர்கள், கழிவை எங்கே வைப்பீர்கள், கடலில் விடும் வெந்நீரால் மீன் என்ன ஆகும் என்று பந்தலில் கேட்டார்கள். இவை பதில் உள்ள, பதில் சொல்லியாக வேண்டிய கேள்விகள். கேட்டவளை நோயாளி ஆக்கிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவரின் கடன் தள்ளுபடியாகிவிடுகிறது. நிபுணர்கள் பதிலே சொல்லவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. மத்திய அரசு குழு அமைத்தது, மாநில அரசும் அமைத்தது, 2011 நவம்பரில் அப்துல் கலாமே நேரில் வந்து உலையைப் பார்த்துப் பாதுகாப்பானது என்றார். அவ்வளவுக்குப் பிறகும் பயம் போகவில்லை என்றால், தரப்பட்ட பதில் போதவில்லையோ என்ற ஐயம் முதலில் வந்திருக்க வேண்டும். கேட்டவர்களின் மனதில் கோளாறு என்ற முடிவுக்கு எப்படித் தாவினார்கள்?

இந்தத் தாவல் புதிதல்ல. 1851இல் அமெரிக்காவின் தென்பகுதியில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் எசமானிடமிருந்து தப்பி ஓடுவதை 'டிரேப்டோமேனியா' என்ற மனநோயாக அறிவித்தார். சோவியத் நாட்டில் அரசை எதிர்த்தவர்களுக்கு 'மந்தகதி ஸ்கிசோஃப்ரினியா' என்று சீட்டு எழுதி மனநல விடுதிகளில் அடைத்தார்கள். செர்னோபிலுக்குப் பின் உடம்பு சரியில்லை என்று வந்தவர்களுக்கு அங்கே கிடைத்த பெயர் 'ரேடியோஃபோபியா', அதாவது கதிர்வீச்சுப் பயம். பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஹிஸ்டீரியா என்ற சொல்லே கிரேக்க மொழியில் கருப்பைக்கு உரிய சொல்லிலிருந்து வந்ததுதான். கருப்பை இருப்பதே காரணம் என்றான பிறகு வேறு காரணத்தை யார் தேடப் போகிறார்கள்?

தமிழ் மரபும் பெண்ணின் பயத்தை நன்றாகவே பயன்படுத்தியிருக்கிறது. தொல்காப்பியம் அச்சத்தையும் நாணத்தையும் மடத்தையும் பெண்ணுக்கு என்றும் உரியவை என்கிறது. அதே நூலின் மெய்ப்பாட்டியல் அச்சம் நான்கு இடத்திலிருந்து பிறக்கும் என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இதை வகுப்பில் நடத்தும்போது ஒரு மாணவி எழுந்து, "மேம், வீட்டுக்காரர் மேல இருக்கிற பயம் இதுல எதுல வரும்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. இறையில்தான் வரும். அந்தச் சொல் அரசனுக்கும் வரும், தலைவனுக்கும் வரும், மேலே இருக்கும் எவருக்கும் வரும். இடிந்தகரைப் பெண்களின் அச்சத்தையும் அதே நான்காவது இடத்தில்தான் வைப்பேன். அவர்கள் அஞ்சியது அணுவின் இயற்பியலுக்கு மட்டுமல்ல, தங்களிடம் கேட்காமலே முடிவெடுக்கும் ஓர் அதிகாரத்துக்கும் சேர்த்துத்தான். வள்ளுவர் ஒரு படி மேலே போகிறார். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது பேதைமை என்று அவர் சொல்வது அறிவுடைமை அதிகாரத்தில். அச்சத்தை அறிவின் கணக்கில் எழுதியவர் அவர். பெண்ணுக்கு அச்சத்தை அணியாகப் பூட்டிய சமூகம், அவள் உண்மையாகவே அஞ்ச வேண்டிய ஒன்றைச் சுட்டிக்காட்டும்போது மட்டும் அணியைக் கழற்றி நோய் என்று பெயர் மாற்றுகிறது.

கவுன்சிலிங் என்பதற்கு நாம் 'ஆற்றுப்படுத்துதல்' என்று எழுதுகிறோம். திருச்சபை வட்டாரங்களிலும் இந்தச் சொல்தான் வழங்குகிறது. நல்ல சொல். ஆனால் ஆற்றுப்படை இலக்கியத்தில் வழி சொல்பவன் அந்த வழியில் நடந்து போய், பெற்று, திரும்பி வருபவன். பெரும்பாணாற்றுப்படையில் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் போகச் சொல்பவன் அவனைக் கண்டு வந்த பாணன். இடிந்தகரைக்கு ஆற்றுப்படுத்த வருகிறவர்கள் எந்த வழியில் நடந்து வந்தவர்கள்? உலையின் நிழலில் பிள்ளை வளர்த்துப் பார்த்து, பயமில்லை என்று கண்டு வந்தவர்களா?

நான் இதை எழுதுவது அந்த இளந்திரையன் பெயரைத் தாங்கிய ஊரிலிருந்து. திரையனேரிதான் தென்னேரி ஆனது என்பார்கள். கூடங்குளம் எங்களுக்குத் தொலைவு, கல்பாக்கம் அப்படியில்லை. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும்வரை அது எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1980களிலிருந்து அங்கே உலை ஓடுகிறது. 2004இல் சுனாமி நீர் அந்த வளாகத்துக்குள்ளும் வந்தது. உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. இருந்தும் எங்கள் ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. எங்கள் பயம் ஏரியைப் பற்றியது. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பினால் கரைக்குக் கீழே இருக்கும் வீடுகளில் பெண்கள் முழுத் தூக்கம் தூங்குவதில்லை. கலங்கலில் தண்ணீர் எவ்வளவு போகிறது, கரையில் எங்கே கசிகிறது என்று பார்த்து வரச் சொல்லி விடியுமுன் ஆளை எழுப்பி அனுப்புகிறவர்கள் அவர்கள். எங்கள் பக்கத்து நெசவு வீடுகளில் மழை வலுத்தால் தறிக்குழியில் ஊற்று எடுக்கும். பட்டுப் பாவு ஏற்றியிருக்கும் தறி என்றால் ஒரு குடும்பத்தின் மாத வரவே அதில்தான். இரவில் எழுந்து விளக்கைப் போட்டுக் குழிக்குள் கையை விட்டு ஈரம் பார்ப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண். இதை யாரும் மனப்பதற்றம் என்று சொல்வதில்லை, பொறுப்பு என்கிறார்கள். அதாவது, அந்தப் பயத்தால் வீட்டுக்கு ஆதாயம் இருக்கும்வரை அது பொறுப்பு.

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் அதில் செலவிடுகிறாள். செய்யும் ஆண் 97 நிமிடம். சமையல், துவைத்தல் எல்லாம் அதில் வரும். பயப்படும் நேரம் எந்தக் கட்டத்திலும் இல்லை. பிள்ளை இன்னும் வரவில்லையே, அடுப்பை அணைத்தோமா, மாமனாரின் மாத்திரை தீரப்போகிறதே என்று மனம் ஓடிக்கொண்டிருக்கும் அந்த நேரமும் வேலைதான். கரைக்கும் தறிக்குழிக்கும் பிள்ளைக்கும் அஞ்சியே பழகியவள் கடலுக்கும் மண்ணுக்கும் அஞ்சியதில் வியக்க என்ன இருக்கிறது? ஜெர்மானிய மெய்யியலாளர் ஹான்ஸ் யோனாஸ் 1979இல் எழுதிய நூலில், தொழில்நுட்ப யுகத்தில் இனி வரப்போகிறவர்களுக்காக அஞ்சுவது ஒரு கடமை என்றார். மீட்க முடியாத கேட்டைப் பற்றிய முன்னறிவிப்புக்கு, நன்மையைப் பற்றிய முன்னறிவிப்பைவிட அதிக எடை தர வேண்டும் என்றார். பொறுப்புக்கு அவர் காட்டும் மூல உதாரணம் பச்சிளம் குழந்தை. அந்தக் குழந்தை யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் அவர் விசாரிக்கவில்லை.

இதே குறை எனக்குத் திருத்தந்தை பிரான்சிசின் 'இறைவா உமக்கே புகழ்' மடலிலும் படுகிறது. 2015இல் வந்த அந்தச் சுற்றுமடல் பூமியின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் ஒன்றாகக் கேட்கச் சொன்னது. கத்தோலிக்கச் சமூகப் போதனையில் பெரிய அடி அது. 1891இல் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய குரல் மரத்துக்கும் நீருக்கும் நீண்டது. பூமியை அது தாய் என்கிறது, சகோதரி என்கிறது, நம் பொதுவான வீடு என்கிறது. வீடு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்த வீட்டை யார் பெருக்குகிறார்கள் என்றுதான் தோன்றும். 246 பத்திகள் கொண்ட மடலில் பெண்களைப் பற்றித் தனிப் பகுதி இல்லை. மடல் வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, பலிபீடத்தில் நிற்க உரிமையில்லாத பெண்கள் ஒரு கோயில் முற்றத்தைப் படைப்பைப் பேணும் இடமாக மாற்றியிருந்தார்கள். தூத்துக்குடி மறைமாவட்டம் அவர்களுக்குத் துணை நின்றதையும், அதற்காக அதன் தொண்டு நிறுவனங்கள் வெளிநாட்டு நிதி விசாரணையைச் சந்தித்ததையும் சொல்லியாக வேண்டும்.

இங்கே நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். இடிந்தகரையில் மனத்துயரம் இல்லையா? 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் காவல்துறை அவர்களை விரட்டியது. ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு. மாதக்கணக்கில் சிறையிருந்த பெண்கள் உண்டு. அதற்குப் பிறகு தூக்கம் கெடாதா? ஜீப் சத்தம் கேட்டால் பிள்ளைகள் நடுங்க மாட்டார்களா? அந்தத் துயரத்துக்குத் துணை வேண்டும், தேவைப்பட்டால் மருந்தும் வேண்டும். எங்களுக்குப் பைத்தியம் இல்லை என்று சொல்லும் அவசரத்தில், மனநோய் உள்ளவர்களை நாமே தள்ளிவைத்துவிடக் கூடாது. நோய் இருப்பவளின் கேள்வியும் கேள்விதானே? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் எரிந்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அது தர்கா ஊர். கத்தோலிக்கத் திருத்தலங்களுக்கும் பேய் பிடித்தவள் என்று பெண்களை அழைத்து வந்து தரையில் உருள விடுகிறார்கள், யாரும் அவளிடம் என்ன நடந்தது என்று கேட்பதில்லை. ஓரிடத்தில் அறிவை நோய் என்கிறார்கள், இன்னோரிடத்தில் நோயைப் பேய் என்கிறார்கள். இரண்டு இடத்திலும் வாயைத் திறந்து சொன்னவள் ஒரு பெண், அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் இரண்டு இடத்தையும் தொடுகிறது. சங்கிலியால் கட்டுவதை அதன் 95ஆம் பிரிவு தடைசெய்கிறது. ஒருவருடைய அரசியல், சமூக நிலையையோ, சுற்றியுள்ளவர்களின் அரசியல் மதிப்பீடுகளுக்கு அவர் ஒத்துப்போகாததையோ வைத்து மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது 3ஆம் பிரிவு. கூடங்குளச் செய்தி வந்து ஐந்து ஆண்டு கழித்து.

நீதிமன்றமும் அச்சத்தைப் பற்றிப் பேசியது. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மக்களின் அச்சம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் திட்டத்தின் தேவையை அது மீற முடியாது என்றது. உலை ஓட அனுமதித்து 15 கட்டளைகளையும் விதித்தது. போராடியவர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. இந்தத் தீர்ப்போடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அச்சம் நியாயமானதாக இருக்கக்கூடும் என்று அந்த நீதிபதிகள் எழுதினார்கள். அந்தப் பெண்களை எதிர்வாதம் உள்ளவர்களாக நடத்தித் தோற்கடித்தார்கள்.

2019இல், பயன்படுத்திய எரிபொருளை உலை வளாகத்திலேயே சேமிக்கும் அமைப்பு ஒன்றைப் பற்றி ஜூலை 10 அன்று ராதாபுரத்தில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு எழுந்ததும் தள்ளிவைத்தார்கள். அதே கடற்கரையில் 3, 4ஆம் உலைகளின் கட்டுமானம் 2017இலும், 5, 6ஆம் உலைகளின் கட்டுமானம் 2021இலும் தொடங்கியது. கழிவை எங்கே வைப்பீர்கள் என்று 2011இல் பீடி முறத்தோடு உட்கார்ந்து கேட்டவர்களில் பலர் இன்று பாட்டிகளாகியிருப்பார்கள்.