அஸ்தியும் தானமும்

உத்ஸவ மலரில் எலும்பைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் ஓர் அன்பர் கேட்ட கேள்வி அடியேனை விடவில்லை. அவர் துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்வு பெற்றவர். எம்பெருமானுக்கு நெடுங்காலம் ஸ்ரீபாதந்தாங்கியாகவும் இருந்தவர். “சுவாமி, தேகத்தை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைக்க நினைக்கிறேன். அக்னி ஸம்ஸ்காரம் இல்லாவிட்டால் நற்கதி உண்டோ?” என்றார்.

ராயபுரத்தை ஒட்டிய அந்த ஆஸ்பத்திரியைப் பழையவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த சத்திரத்தின் வழிவந்தது அது. 1938-இல் கல்லூரியும் ஆயிற்று. அங்கே வைத்தியம் பயில வரும் பிள்ளைகள் முதலில் கையில் எடுப்பவற்றுள் மனித எலும்பும் ஒன்று.

வளர்ந்த மனிதனுக்கு எலும்புகள் 206. சுச்ருதரோ 300 என்றார். சரகர் 360 என்றார். பற்கள், குருத்தெலும்பு முதலியவற்றையும் கூட்டி எண்ணியதே பெரும்பாலும் இவ்வேற்றுமைக்குக் காரணம். பிறந்த குழந்தைக்குச் சுமார் 300 உண்டு. வளர வளரப் பல ஒன்றோடொன்று கூடிவிடுகின்றன. 206-இல் 106 கைகளிலும் பாதங்களிலுமே அமைந்துள்ளன. கூப்பும் கைக்கும் பிரதக்ஷிணம் செய்யும் காலுக்கும் பகவான் பாதிக்கு மேல் ஒதுக்கினான் போலும்!

சுச்ருதர் ஏட்டில் படித்ததோடு நிற்கவில்லை. பிரேதத்தைப் புல்லால் சுற்றி, ஓடும் நீரில் கூண்டுக்குள் ஏழு இரவுகள் வைத்து, மெல்லத் தேய்த்து, தோல் முதல் உள்ளுறுப்பு வரை கண்ணால் காணச் சொன்னார். ஆகவே சரீரத்தைத் திறந்து பார்ப்பது நம் சாஸ்திரத்துக்குப் புறம்பானதன்று.

ஆனால் அந்தப் பிரேதம் யாருடையது? இதுவே அடியேனை உறுத்தியது. உறவினர் எவரும் கேட்டு வராத ஏழைகளின் உடல்களே நெடுங்காலம் கல்லூரிகளுக்குச் சென்றன. நம் தேசத்து எலும்புக்கூடுகள் கப்பலேறி அயல்நாட்டு மாணவர்க்கும் பாடமாயின. 1985-இல்தான் அரசாங்கம் அந்த ஏற்றுமதியைத் தடுத்தது. அவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டதுண்டா? உபயோகமாயிற்று என்பதனாலேயே அது தானம் ஆகிவிடாது.

ததீசி முனிவரின் சரிதம் ஸ்ரீமத் பாகவதம் ஆறாம் ஸ்கந்தத்தில் உள்ளது. வஜ்ராயுதத்துக்காகத் தேவர்கள் அவருடைய தேகத்தை யாசித்தனர். அவர் உடனே தந்துவிடவில்லை. உயிருள்ளவனுக்குத் தேகம் எத்தனை பிரியமானது என்று நகைத்து, வாதாடி, பிறகே தந்தார். கேட்டார்கள், கொடுத்தார். எடுத்துக்கொண்டதற்கும் கொடுத்ததற்கும் உள்ள தூரம் இதுவே.

ஸம்ஸ்கார விஷயத்துக்கு வருவோம். உடல் கிடைக்காமற்போனவர்களுக்குச் சாஸ்திரம் வழி வைத்திருக்கிறது: பலாச இலையின் 360 காம்புகளால் உருவம் அமைத்துக் கிரியை நடத்துவது. சரகரின் எலும்புக் கணக்கும் அதே 360! தானமாகத் தந்த உடலுக்கு இவ்விதி பொருந்தாது என்னும் வித்வான்கள் உண்டு. அவர்களை அடியேன் மதிக்கிறேன். ஆயினும், ஆத்மாவால் தாங்கப்பட்டு, நியமிக்கப்பட்டு, அதற்கே அடிமைப்பட்டிருப்பதே சரீரம் என்று பாஷ்யகாரர் லக்ஷணம் சொன்னார். ஆத்மா நீங்கியபின் எஞ்சுவதைப் பிறர் நன்மைக்கு மனமறிந்து தந்தவனை எம்பெருமான் கைவிடுவான் என்று அடியேனால் சொல்ல முடியவில்லை. வீட்டாரையும் கலந்துகொள்ளும்படி அன்பரிடம் கூறினேன். அவர் மனைவி இரண்டு மாதம் அழுதார்; பிறகே இசைந்தார்.

கையொப்பமிட்டு வந்த அன்று அன்பர் தம் தோளைத் தடவிக்கொண்டே, “பிள்ளைகள் இந்த எலும்பைப் பார்த்தால், பெருமாளைச் சுமந்த தடம் தெரியுமோ சுவாமி?” என்றார். எலும்பு உயிருள்ள வஸ்து. பாரம் தாங்கத் தாங்க உறுதிப்பட்டுத் தடிக்கும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். தெரிந்தாலும் தெரியும் என்றேன்.