வாசப்படி வரைக்கும் சிநேகிதம்

ஒரு சின்ன ஊரில் பிறந்த இரண்டு பேர். ஒருவன் ஊர்த்தெரு, ஒருவன் சேரி. பால்யம் தொட்டுச் சாகும்வரை சிநேகிதர்களாகவே இருந்தார்கள் என்று தமிழில் ஒரு நாவல் எழுத முடியுமா? எழுதிவிடலாம். சேரியில் இருந்து படிக்கிற ஒருவர் அதை நம்புவாரா என்பதுதான் கேள்வி. இதை இலக்கிய உத்தி பற்றிய கேள்வி என்று ஒதுக்க முடியாது. நட்பு என்றால் என்ன, அது யாருக்குச் சாத்தியம் என்கிற அறக்கேள்வி இதற்குள் இருக்கிறது.

சேரி வாழ்க்கையைத் தமிழுக்குள் கொண்டுவந்த முதல் நாவல்களை வரிசையாக எடுத்து வைத்துப் பாருங்கள். பூமணியின் 'பிறகு' (1979), சிவகாமியின் 'பழையன கழிதலும்' (1989), பாமாவின் 'கருக்கு' (1992), இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994). உழைப்பு இருக்கிறது, பசி இருக்கிறது, அவமானம் இருக்கிறது, படித்து மேலே வருகிற வேகம் இருக்கிறது, நமக்குள்ளேயே இருக்கும் மேல்கீழ் பற்றிய கூர்மையான விமர்சனமும் இருக்கிறது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் ஓர் ஆயுட்கால நட்பு மட்டும் எதிலும் கதையின் அச்சாக இல்லை. கற்பனை வறட்சி என்று இதைச் சொல்ல முடியுமா? இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டாத நேர்மை என்றே நான் வாசிக்கிறேன்.

கிட்டத்தில் வருவது பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000). அது அவருடைய முதல் நாவல் இல்லை, 'ஏறுவெயில்' (1991)தான் முதல். ஆனால் இந்தக் கேள்வியை நேராகத் தொட்டது 'கூளமாதாரி'தான். கவுண்டர் பண்ணையத்தில் ஆள்காரனாக விடப்பட்ட சக்கிலியப் பையன் கூளையன். பண்ணையக்காரர் மகன் செல்வன். மேய்ச்சல் காட்டில் இரண்டு பேரும் வெறும் பிள்ளைகள். வெயிலும் விளையாட்டும் பொது. ஆடு தொலைந்தால், தேங்காய் களவு போனால், அடி மட்டும் பொது இல்லை. காட்டில் இருந்த நட்பு வீட்டு வாசலுக்கு வரும்போது எசமான் மகன், ஆள்காரன் என்று பிரிந்து விடுகிறது. பிள்ளைகளின் பிரியம் பொய்யில்லை. அந்தப் பிரியம் நிற்பதற்கு அங்கே தரை இல்லை.

நம்ம செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக் கூத்துகளில் 'கர்ண மோட்சம்' விடிய விடிய நடக்கும். கர்ணன் விழும்போது அழாத கிழவி கிடையாது. நட்புக்கு இலக்கணம் என்று அந்தக் கதையைத்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தேரோட்டி மகன் என்று சபை சிரித்தபோது துரியோதனன் நாடு கொடுத்தான், அதற்குக் கர்ணன் உயிரைக் கொடுத்தான். இதற்குத் தமிழ் வைத்திருக்கும் பெயரைக் கவனியுங்கள்: செஞ்சோற்றுக் கடன். கடன் என்றால் கொடுத்தவன் ஒருத்தன், தீர்க்க வேண்டியவன் ஒருத்தன். பண்ணையில் கூழ் குடித்தவனிடம், 'எங்க ஊட்டு சோத்தத் துன்னவன்தானேடா நீ' என்று கேட்பதும் இதே இலக்கணம்தான். வேண்டாம் என்று சொல்ல முடியாதவனுடைய விசுவாசத்துக்கு நட்பு என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

கிரேக்கத்து அரிஸ்டாட்டில் அடிமைமுறையை ஏற்றுக்கொண்டவர். அவரே தன் அறவியல் நூலில், அடிமையோடு அடிமை என்கிற நிலையில் நட்பு இருக்க முடியாது, மனிதன் என்கிற நிலையில் இருக்கலாம் என்று எழுதினார். பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. ஒரு மனிதனை ஒரே சமயத்தில் ஆளாகவும் மனிதனாகவும் வைத்துக்கொள்ள முடியுமா? பகலில் கைகட்டி நிற்கச் சொல்லிவிட்டு, சாயங்காலம் தோளில் கை போட முடியுமா?

மறுக்கும் உரிமை இருந்தால்தான் நட்பு. மறுப்பதற்குக் காலடியில் சொந்த மண் வேண்டும். இதற்குச் சாட்சி நம்ம மாவட்டம். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், பறையர்கள் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். உழுகிற நிலம் மட்டுமில்லை, குடியிருக்கிற மனையே மிராசுதார் பிடியில் இருந்தது. முகம் சுளித்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நிலத்துக்கான ஆணை வந்தது. நூறு வருசம் கழித்து அந்த நிலத்தைத் திரும்பக் கேட்ட காரணைப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். ஒரு கிறித்துவப் பெயர், ஒரு இந்துப் பெயர். இன்றைக்கும் நம்ம சனம் அந்த இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. மண்ணுக்காக ஒன்றாக நின்றவர்களிடையே கடன் கணக்கு இல்லை.

'இதெல்லாம் கிராமத்துக் கதை, இப்ப யாரு பாக்குறா?' என்று கேட்கலாம். ஊரப்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஏரியும் வயலுமாக இருந்த இடம் மனைகளாகிவிட்டது. பக்கத்தில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறந்தாச்சு. தாம்பரம் ரயிலில் தினம் ஒன்றாகப் போய் வருகிறவர்கள், ஒரே டீயைப் பேப்பர் கப்பில் குடிக்கிறார்கள். இரட்டைக் குவளையைப் பேப்பர் கப் ஒழித்தது, மனசு ஒழித்ததா? வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் தெரியும். 'நாங்க சுத்த சைவம், நீங்க என்ன ஆளுங்க?' நாலு பேர் நடுவில் நண்பன் தரும் பாராட்டு அதைவிட மோசம்: 'அவன் ரொம்ப நல்லவம்பா, அவங்க ஆளுங்க மாதிரியே இல்ல.' உன் சனத்தை விட்டுவிட்டு வந்தால் உனக்கு இடம் உண்டு என்பதுதான் இதன் அர்த்தம்.

பழகினதே குற்றமான கதையும் இருக்கிறது. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு கோயிலில் உடன் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 'கூளமாதாரி'யின் கொங்கு மண் அது. கதைக்காரர்கள் எழுதத் தயங்கும் நட்பைச் சாதி எவ்வளவு கவனமாகக் கண்காணிக்கிறது என்று பாருங்கள்.

அப்படியானால் நட்பே வேண்டாமா? அம்பேத்கர் அப்படிச் சொல்லவில்லை. சுதந்திரம், சமத்துவம் என்பதோடு நிறுத்தாமல் சகோதரத்துவத்தைக் கேட்டார். அதற்கு மைத்ரி என்கிற பௌத்தச் சொல்லே பொருத்தம் என்றார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், சகோதரத்துவம் இல்லையென்றால் மற்ற இரண்டும் மேற்பூச்சாகத்தான் நிற்கும் என்று எச்சரித்தார். அவர் இரண்டு வகை நண்பர்களையும் பார்த்தவர். 1936இல் லாகூர் சாதி ஒழிப்பு மண்டலத்தார் தலைமையுரைக்கு அழைத்தார்கள். உரையைப் படித்ததும் மாநாட்டையே ரத்து செய்தார்கள். வாசப்படி வரைக்கும் வந்த நண்பர்கள். அதற்கு முன்பே 1927 டிசம்பர் 25இல் மகாடில் மனுஸ்மிருதி எரிந்தபோது, அதில் முன்நின்றவர் பிராமணராகப் பிறந்த சகஸ்ரபுத்தே. துரியோதனன் கொடுத்தான், எதையும் இழக்கவில்லை. சகஸ்ரபுத்தே தன் பிறப்பு தந்த மேலிடத்தையே நெருப்பில் போட்டார்.

ஆகவே நட்பைச் சோதிக்க நாம் கேட்க வேண்டியது சுலபமான கேள்விதான். எனக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்க வேண்டாம், எதை விட்டாய் என்று கேட்போம். உன் தெருவில் எனக்கு வீடு மறுத்தபோது என்ன பேசினாய்? சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவுக்கு மூன்று சாட்சிகள் வேண்டும். சாதி மீறி ஒரு ஜோடி பதிவு அலுவலகத்தில் நிற்கிறபோது, அந்த மூன்று கையெழுத்தில் ஒன்று உன்னுடையதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடிய இரண்டு பேரை யாராவது எழுதட்டும். அந்த நாவலை நாமும் நம்பிப் படிப்போம்.