நீலக்குறி

ஒருவர் நம்பால் ஒன்று வேண்ட, அதனைக் கேட்டும் கேளாதார்போல் வாளாவிருத்தல் வினையாகுமா, வினையின்மையாகுமா என்னும் வினா, நூலாராய்ச்சியில் எனக்கு எழுந்ததன்று. என் பெயரன் கையிற் பிறந்தது. அது பிறந்தவாறு கூறுவல்.

வாட்ஸ்அப் என்னும் செய்திக் கருவியை அன்பர் பலரும் அறிவர். அதன்கண் விடுத்த செய்திக்கு ஒரு சரிக்குறி தோன்றின் புறப்பட்டதென்றும், இரண்டு தோன்றின் உரியவர் கைப்பேசியைச் சேர்ந்ததென்றும் கொள்ளல் வேண்டும். 2014-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், படிக்கப்பட்டவுடன் அவ்விரு குறியும் நீலநிறம் பெறுமாறு செய்தனர். நம்மனோர்க்கு இடர் அன்று தொடங்கியது. முன்னாளில் கடிதத்துக்கு விடையெழுத மடியுற்றவன், "தங்கள் கடிதம் கிடைத்திலது" என்று சொல்லித் தப்புவான். பழி தபாலின்மேற் போகும். தபாலும் வாய்திறவாது அதனைச் சுமந்துகொள்ளும். இற்றைநாளில் அப்புகலிடம் இல்லை. நீலம் இறைவன் திருமிடற்றில் நின்று தேவரைக் காத்தது. கைப்பேசியில் நின்று என்போன்ற சோம்பரைக் காட்டிக்கொடுக்கின்றது.

என் குறையைக் கேட்ட பெயரன், பன்னிரண்டு வயதினன், கருவியை வாங்கி எங்கோ தொட்டு, "தாத்தா, இனி நீங்கள் படித்தது ஒருவருக்கும் தெரியாது" என்றான். முப்பதாண்டுக்கு மேலாக முதல்வனது முற்றறிவினை மாணவர்க்குப் பாடஞ் சொன்ன யான், அச்சொற் கேட்டு மகிழ்ந்தேன்.

சின்னாளில் ஒரு குரற்செய்தி வந்தது. விடுத்தவர் மடத்தில் என்னோடு ஒருங்கிருந்து பாடங் கேட்டவர். "கண்ணொளி குன்றிவிட்டது, புத்தகம் படிக்க இயலவில்லை. சித்தியார்ச் சுபக்கத்தில் நாளுக்கொரு செய்யுள், உரையோடு உம் குரலிற் படித்து அனுப்பினால் கேட்டுக்கொண்டிருப்பேன்" என்றார். சுபக்கம் 300-க்கு மேற்பட்ட செய்யுளுடையது. ஓராண்டின் பெரும்பகுதி கட்டுண்ண வேண்டுமே என்று கணக்கிட்டேன். விடை விடுத்திலேன். கேட்டதாக அவர்க்குத் தெரியாதன்றோ என்று துணிந்தேன். அன்று மாலையே, நட்பின் சிறப்பைக் கூறும் வண்ணப்படம் ஒன்றை நான்கு குழுக்களுக்கு அனுப்பினேன் என்பதையும் ஈண்டுச் சொல்லிவிடுதல் நன்று.

இனி வினாவுக்கு வருவாம். யான் பொய் கூறினேனல்லேன், அவர்க்குத் தீங்கிழைத்தேனுமல்லேன், யாதுஞ் செய்யாதிருந்தேன். செயலில்வழி வினை யாங்ஙனம் உண்டாம் எனின், மனம் வாக்குக் காயம் என்னும் மூன்றானும் வினை ஈட்டப்படும் என்பது நம் நூற்றுணிபு. வாயும் கையும் அடங்கியிருந்தன, மனமோ அடங்கிற்றில்லை. அவர் பெயர் கருவியிற் புலப்படுந்தோறும் துணுக்குற்றது. தொண்டை சரியில்லை, வீட்டிற் பிள்ளைகள் கூச்சல், நல்ல நாள் பார்த்துத் தொடங்கலாம் என்று காரணம் புனைந்தது. இருபது நாள் ஓயாது உழைத்த ஒன்றைச் செயலின்மை என்றல் பொருந்தாது. அன்றியும், கேளாமையால் வாளாவிருத்தல் வேறு. கேட்டமையை மறைத்து வாளாவிருத்தல் வேறு. பின்னதன்கண் மறைத்தல் என்னும் செயல் உண்மையின், அது வினையே என்க.

அக்கருவியில் மற்றொரு நுட்பமும் உளது. நம் நீலக்குறியைப் பிறர்க்கு மறைப்பின், பிறர் நீலக்குறியும் நமக்குத் தோன்றாதொழியும். இருள் பொருள்களை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையுங் காட்டாது என உமாபதி சிவனார் திருவருட்பயனில் வேறுபாடு உணர்த்தினார். அப்பகுதியைப் பன்முறை பாடஞ் சொல்லியும், தன்னைக் காட்டாது மறைப்பது எத்தகைத்து என்று வினவிய மாணவர்க்கு ஏற்ற எடுத்துக்காட்டுத் தர மாட்டாது இடர்ப்பட்டதுண்டு. இப்பொழுது என்னையே காட்டலாம். பிறரிடம் மறைத்தேன் என்றிருந்தேன். யான் மறைக்கின்றேன் என்பதே எனக்குப் புலப்பட்டிலது.

இருபத்தோராம் நாள் மற்றொரு குரற்செய்தி. "நீர் கேட்டீர் என்பது தெரியும். ஒலிவாங்கிக் குறி நீலமாயிற்று என்று அன்றைக்கே பேத்தி சொன்னாள். தொண்டைக்கு ஏதேனும் நோவா? ஆயின் படிக்க வேண்டா. நலம் என்று மட்டும் ஒரு சொல் விடும்."

பெயரனை அழைத்து வினவினேன். எழுத்துச் செய்திக்கே அம்மறைப்பு என்றும், குரற்செய்தி கேட்கப்பட்டமை காட்டும் நீலத்தை நிறுத்த வழியில்லை என்றும் கூறி, "அதை நீங்கள் கேட்கவில்லையே, தாத்தா" என்றான்.

எனக்கு நாணம் வந்தது. அஃது எதனால் வந்தது என்று ஆராய்ந்தபோதுதான் உண்மையில் வருந்தினேன். செய்தது குற்றம் என்பதனால் முதலில் வந்ததன்று. பிறர் அறிந்தனர் என்பதனால் வந்தது. இறைவன் யாவும் அறிவன் என்று நாத்தழும்பச் சொன்னவனுக்கு, அவ்விருபது நாளும் அவன் அறிவான் என்னும் அச்சம் ஒருகாலும் எழுந்திலது. ஊர்ப்பெயரன்றி யான் ஒன்றும் அறியாத ஒரு சிறுமி அறிந்தாள் என்றவுடன் உடல் வெயர்த்தது. முற்றறிவு என்பதை யான் கற்றிருந்தது பாடமாக மட்டுமே போலும்.

அன்றிரவே தொடங்கினேன். அளவைப் பகுதி முடிந்து முதற்சூத்திரத்துள் நிற்கின்றோம். உரையில் ஓரிடத்து யான் சொற்பிரித்துப் படித்தது பிழை என்று அவர் எழுப்பிய தடையை ஏற்க மனமின்றிப் பழைய பதிப்பை எடுத்து நோக்கினேன்; அவர் கூறியதே சரி. நேற்றிரவு விடுத்ததற்கு ஒலிவாங்கிக் குறி இன்னும் நீலமாகவில்லை. காலைமுதல் நான்கு முறை பார்த்தாயிற்று. பெயரன் பள்ளியிலிருந்து வந்ததும் காட்டிக் கேட்டல் வேண்டும்.