உபயதாரர் விலகிய பிறகு

ஃப்ளோரிடாவில் 1982 அக்டோபரில் டிஸ்னி திறந்த எப்காட் பூங்காவில், அறிவியல் அரங்குகளில் அநேகமாக ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருநிறுவனம் உபயதாரர். எரிசக்தி அரங்கு எக்ஸான் உபயம், வாகன அரங்கு ஜெனரல் மோட்டார்ஸ் உபயம். பணம் கொடுத்தவருக்கு வாசலில் பெயர்ப்பலகை. உள்ளே தம் விருந்தினரை உபசரிக்கத் தனி அறை. தவணை முடிந்தால் நீட்டிக்கலாம், விலகலாம். வியாபாரத்தில் இது சகஜம். விலகிய பிறகு அரங்கு யார் பொறுப்பு என்பதில்தான் வம்பு.

1983இல் வந்த ‘ஹொரைசன்ஸ்’ எதிர்கால வாழ்க்கையைக் காட்டிய சவாரி. பாலைவனப் பண்ணையைக் கடக்கையில் ஆரஞ்சு வாசனை வீசும். கடைசியில் விண்வெளி வழியா, பாலைவன வழியா, கடலடி வழியா என்று பயணிகளே பொத்தானை அழுத்தித் தேர்ந்துகொள்வார்கள். அதன் உபயதாரரான ஜெனரல் எலக்ட்ரிக் 1993இல் விலகியது. அடுத்த ஆண்டே மூடினார்கள். பக்கத்து அரங்குகளில் வேலை நடந்ததால் 1995இல் திறந்து, 1999 ஜனவரியில் ஒரேயடியாக மூடி, பிறகு இடித்தார்கள். ரசிகர்களின் வருத்தம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் இதை அறப்பிழை என்று சொல்ல முடியாது. கேளிக்கைக் கூடம் சாசுவதம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லையே.

எரிசக்தி அரங்கின் கதை வேறு. எக்ஸான்மொபில் 2004இல் கிளம்பியது. 1996இல் அதன் ஆதரவில் உருவான காட்சி, டைனோசர்களோடு, பெரிய மாற்றமின்றி 2017 வரை ஓடியது. இடையில் சூரிய மின்சாரம் மலிந்தது, பருவநிலை பற்றிய பேச்சு வீடுவரை வந்துவிட்டது. உள்ளே அதே பழைய பாடம். எண்ணெய் நிறுவனம் எரிசக்தியைப் பற்றி வகுப்பெடுப்பதே விவாதத்துக்குரியது. ஆனாலும் வாசலில் பெயர் இருந்தவரை, பேசுவது யார் என்று பார்வையாளருக்குத் தெரிந்தது. பெயர் போனது, பேச்சு மட்டும் தங்கிவிட்டது. ஒரு தரப்பின் வாதம் பொது அறிவுபோல் ஆகிவிட்டது. மங்கிய வண்ணத்தையும் அசையாத பொம்மையையும்விட இதுவே பெரிய பழுது.

பொறுப்பு யாருடையது? தவணை தீர்ந்த உபயதாரருடையது அல்ல. ஸ்பான்சர் இல்லாமல் புதுப்பிக்கக் கட்டுப்படியாகாது என்பது கணக்குப்பிள்ளையின் பதில். வாசலில் சீட்டு வாங்கியவருக்குச் சொல்லும் பதில் அல்ல. பலகை இறங்கியதற்காகக் கட்டணத்தில் யாரும் தள்ளுபடி தரவில்லை. தவிர, உபயதாரர் இல்லாமல் நடத்தவே முடியாது என்பதும் உண்மையில்லை. எப்காட்டின் அடையாளமான பெரிய கோளத்தைவிட்டு 2017இல் சீமன்ஸ் போனது, சவாரி நிற்கவில்லை. டிஸ்னியின் இன்னொரு பூங்காவான மேஜிக் கிங்டமில் உள்ள ‘கேரோசல் ஆஃப் ப்ராக்ரஸ்’ அரங்கிலிருந்து ஜெனரல் எலக்ட்ரிக் 1985இலேயே விலகிவிட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் அது சுழன்றது.

ஆகவே பராமரிப்பது சீட்டு விற்பவரின் கடன். முடியாவிட்டால் மூடிவிடுவது நேர்மை. காலாவதியான சரக்கை முழு விலைக்குக் காட்டிக்கொண்டிருப்பது நேர்மையல்ல. எரிசக்தி அரங்கை 2017 ஆகஸ்டில் மூடியது சரியே. திருத்த மனமில்லையென்றால், அதை 2004இலேயே செய்திருக்க வேண்டும்.