உடைதலும் ஒடுங்குதலும்

சைவ சித்தாந்தத்தில் சங்காரம் என்றால் துடைத்தெறிவது அல்ல. குடம் உடைந்து மண்ணோடு மண்ணாவதுபோல, காரியம் தன் காரணத்தில் ஒடுங்குவது. பள்ளியில் வேதியியல் நடத்திவிட்டு, ஓய்வுக்குப் பின் சித்தாந்த வகுப்பு எடுக்கும் எனக்கு, இந்தக் கணக்கில் சேராமல் உறுத்திக்கொண்டே இருக்கும் பொருள் ஒன்று உண்டு: பாலித்தீன் பை.

சங்குத்துறைக் கடற்கரையில் வெயில் தின்ற பையை எடுத்துப் பாருங்கள். விரல் பட்டதும் சில்லுச் சில்லாக உதிரும். புற ஊதாக் கதிர் அதன் நெடுஞ்சங்கிலிகளை ஆங்காங்கே வெட்டியிருக்கிறது. ஆனால் மணலில் கிடந்தாலும் மீன் வயிற்றுக்குப் போனாலும் ஒவ்வொரு சில்லும் பாலித்தீன்தான். உடைந்திருக்கிறது, ஒடுங்கவில்லை.

2019இல் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சூ ஹான் சென் குழுவினர் செய்து காட்டியது வேறு. பிளாஸ்டிக்கைக் கரைப்பானில் 85 டிகிரி சூட்டில் கரைத்து, வனேடியம் வினையூக்கியைச் சேர்த்து, சூரிய ஒளியை ஒத்த விளக்கொளியில் வைத்தார்கள். 6 நாளில் கார்பன் பிணைப்புகள் அறுந்து ஃபார்மிக் அமிலம் கிடைத்தது.

எங்கள் குமரி மாவட்ட ரப்பர்த் தோட்டக்காரர்களுக்கு அது வெறும் 'ஆசிட்'. தண்ணீர் சேர்த்த ரப்பர்ப்பாலில் கொஞ்சம் ஊற்றிக் கலக்கி வைத்தால், மறுநாள் வெள்ளைக் கட்டியாக உறைந்திருக்கும். ரோலரில் விட்டு ஷீட் ஆக்குவார்கள். பை தன் மூலமான எண்ணெய்க்குத் திரும்பவில்லைதான். ஆனாலும் பை என்ற நிலை தீர்ந்து, இன்னொரு காரியத்துக்குத் துணையாகிவிட்டது.

திருமந்திரம் சூரியகாந்தக் கல்லையும் பஞ்சையும் சொல்கிறது. கல் தானாகப் பஞ்சைச் சுடாது; சூரியன் முன்னிலையில் சுடும். அந்தக் கல்லின் இடத்தில் இங்கே வினையூக்கி நிற்கிறது. அதற்கும் முன்னால் பிளாஸ்டிக் சூட்டில் கரைந்தாக வேண்டும். அதுபோலவே, பக்குவம் வராத உயிரில் அருள் பதியாது என்பது சித்தாந்தம்.

அப்படியானால் தாராளமாகப் பை வாங்கலாமே என்று வகுப்பில் கேட்கிறார்கள். சித்தாந்தம் இந்த இடத்தில் கறாரானது. சங்காரம் முத்தி அல்ல. பிறந்து பிறந்து இளைத்த உயிருக்கு ஓய்வு, அவ்வளவே. உயிரைப் பிணித்திருக்கும் கட்டான மலம் நீங்காதவரை மறுபடி படைப்பு உண்டு, மறுபடி உடம்பு உண்டு. ஆய்வுக்கூடம் ஒடுக்குவது பையைத்தான். கையை வீசிக்கொண்டு கடைக்குப் போகும் நம் பழக்கத்தை அல்ல. அது இருக்கும்வரை, இன்று ஒடுங்கிய பைக்கு நாளைக் காலையே மறுபிறப்பு.