மலடன் என்னும் சொல்

'மலடன்' என்றொரு சொல் தமிழில் உண்டு. அகராதியில் காணலாம், வழக்கில் அதைக் கேட்டவர் மிகச் சிலரே. நான் வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தில் குழாயடியிலும் கோயில் வாசலிலும் ஒலித்ததெல்லாம் 'மலடி' என்பதுதான். பிள்ளையில்லாக் குறைக்கு ஆணும் காரணமாகலாம் என்ற ஐயம் அங்கு எவர்க்கும் எழவில்லை.

விந்தணுக்கள் எத்தனை, அவற்றுள் நீந்துவன எத்தனை என்று நுண்ணோக்கியில் எண்ணத் தொடங்கியபின், குறை யாரிடம் என்பது பல குடும்பங்களில் ஊகமாக இராமல் கணக்காயிற்று. 1978இல் இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தபோதும் இக்குறையுடைய ஆடவர்க்குப் பெரும்பயன் விளையவில்லை. கண்ணாடிக் கலத்தில் கருமுட்டையைச் சூழப் பல்லாயிரம் விந்தணுக்களை விட்டாலும், அதைத் துளைத்துப் புகும் வலிமை ஒன்றுக்கேனும் வேண்டுமன்றோ?

அவ்வலிமையும் வேண்டா என்று 1992இல் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகர ஆய்வாளர்கள் காட்டினர். ஒரே ஒரு விந்தணு போதும். அதன் வாலை நுண்குழலால் அழுத்தி அசைவறச் செய்து, குழலுள் உறிஞ்சி, மற்றொரு குழல் பற்றி நிறுத்திய முட்டைக்குள் செலுத்துகின்றனர். விந்தில் அணுவே வெளிப்படாத ஆடவர் சிலர்க்கு விந்தகத் திசுவிலிருந்தே அதை எடுக்கின்றனர்.

ஆயினும், பல முட்டைகள் ஒருங்கே முதிர்வதற்காக நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்பவள் மனைவி. சூலகத்தில் நெடிய ஊசி செலுத்தி முட்டைகளை எடுப்பதும் அவள் உடலில்தான். இதற்காக மருத்துவரைப் பழித்தல் தகாது. முட்டை அவளிடம் இருக்கையில் வேறு வழியில்லை. அநீதி பிறக்குமிடம் வீட்டுக் கூடம். மருந்து மருமகளுக்கு எனக் காணும் மாமியார், குறையும் அவளதே என முடிவு கட்டுகிறார். மகனோ செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருக்கிறான்.

அவன் பொய் ஒன்றும் கூறவில்லையே எனலாம். பிறர்மேல் விழும் பழியைத் துடைக்கும் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு வாய்மூடி இருப்பதற்கு வேறு என்ன பெயர்? அவன் நாணம் எளிதன்று. அதை நான் எள்ளவில்லை. "சொல்ல வேண்டாம், நான் தாங்கிக்கொள்கிறேன்" என்று மனைவியே கூறுவதும் உண்டு. அவள் பெருந்தன்மை அவன் கடனைத் தீர்த்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் உண்டு. சில ஆடவரின் குறை, ஒய் குரோமோசோமில் சிறு பகுதி இல்லாமையால் நேர்வது. அத்தகையவர்க்கு இம்முறையால் மகன் பிறப்பின் அக்குறையும் அவனைச் சேரும். அம்மகன் வளர்ந்து மணமுடித்து, அவன் மனைவியும் ஊசிக்குச் செல்லத் தொடங்கும் நாளில், அதே கூடத்தில் முதியவராய் அமர்ந்திருக்கும் தந்தை யாரிடம், எதிலிருந்து சொல்லத் தொடங்குவார்?