நோயுற்ற குழந்தையும் நம் கடமையும்



குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர் கூறியவுடன், “முற்பிறப்பின் வினை” என்று பெற்றோரின் செவியில் ஓதுவோர் நம்முள்ளும் உளர். இது பகவான் புத்தரின் மொழியன்று. இன்பதுன்பம் யாவும் பழவினைப் பயனோ என்று மோலியசீவகன் வினவியபோது, பித்தம், சிலேத்துமம், வாதம், பருவமாறுதல் முதலாக 8 காரணங்களைப் பகவான் எடுத்துரைத்ததாகச் சம்யுத்த நிகாயம் கூறுகிறது. வினை அவற்றுள் ஒன்றே. அத்தாயின் தலைமேல் பழி சுமத்தற்க.

வயிற்றுக்கடுப்பால் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவைப் பகவான் ஆனந்தருடன் சேர்ந்து தம் கையாலேயே கழுவிக் கட்டிலில் கிடத்தினார். உபதேசம் அதன் பிறகே.

இந்நோய்க்குச் சிகிச்சை 2 ஆண்டுகட்கு மேலும் நீளும். முதல் வாரம் பழக்கூடையுடன் கூட்டமாய்ச் செல்கிறோம். ஆறாம் மாதம் ஒருவரையும் காணோம்! மருந்தினால் வெள்ளணுக்கள் குறைந்திருக்குங்கால் அக்கூட்டமே குழந்தைக்குத் தீங்கு; சளியுள்ளவர் வாசற்படியும் மிதிக்கலாகாது. வேண்டுவது வேறு. ஆடவர் இரத்தம் தரக்கூடுவது 3 மாதத்திற்கொரு முறையே. ஆகையால் கொடுப்போர் பட்டியல் நீளமாயிருக்கட்டும். ஆலையில் ஷிப்டு மாறுவதுபோல் முறைவைத்து இரவு கண்விழித்துத் தாயை உறங்கவிடுங்கள். வீட்டிலுள்ள மூத்த பிள்ளைக்குச் சோறூட்டிப் பள்ளிக்கு அனுப்புங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் நள்ளிரவாயினும் உடனே மருத்துவமனை சேரவேண்டும். அதற்கு வண்டியும் வண்டிச் சத்தமும் யார் பொறுப்பென்று இப்பௌர்ணமிக் கூட்டம் கலையுமுன் தீர்மானிப்போமாக.